மாட்டேன் என்பவர் கையெழுத்திடும் இடம்

அவரிடம் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, இதற்கு எதிர்ச்சொல் என்னவென்று கேட்டால் உடனே பதில் வராது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "யாரு சொன்னது? யாரைப் பாத்து? எங்க வச்சு?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர் பெரும்பாலும் வீட்டில் காத்திருக்கும் மகளின் வீட்டுப்பாடத்துக்காக அவசரத்தில் கேட்டவராக இருப்பார். "சொல்லுறதுன்னா சொல்லுங்க டீச்சர், கேஸு எழுதுற மாதிரி கேக்காதீங்க" என்று சலித்துக்கொண்டு போய்விடுவார்.

இராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் நாங்கள் ஒரே மேசையின் இரு பக்கங்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தமிழ், அவருக்கு ஆங்கிலம். வயதில் நான் மூத்தவள் என்பதால் என்னைத் 'தமிழக்கா' என்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் தங்கை குடும்பத்தோடு இருந்தார். அங்கிருந்து காலையில் பேருந்தேறி வருவார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இப்போது அவருக்குச் சம்பளம் கொடுக்கும் இடத்திலும் இதைப் படிப்பவர்கள் இருக்கக்கூடும். உண்மை பேசிய ஒருவரின் பெயரை மறைத்து எழுதவேண்டியிருப்பதே எனக்குக் கோபத்தைத் தருகிறது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அவருடைய கேள்விக்கு ஒரு நியாயம் உண்டு. ஒருநாள் 'ஃப்ரெஷ்' என்ற சொல்லை வைத்து எனக்கு விளக்கினார். ரொட்டிக்கு முன்னால் அது நின்றால் அதன் எதிர்ச்சொல் 'ஸ்டேல்', பழையது. கீரைக்கு முன்னால் நின்றால் வாடியது. தண்ணீருக்கு முன்னால் நின்றால்? "நம்ம ஊருல கேளுங்க தமிழக்கா. நல்ல தண்ணிக்கு எதிர்ப்பதம் கெட்ட தண்ணின்னு யாராவது சொல்லுவாகளா? உப்புத் தண்ணின்னுதான சொல்லுவாக? இங்கிலீஷ்லயும் அதேதான். ஆத்துத் தண்ணி ஃப்ரெஷ், கடல் தண்ணி சால்ட்." முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் நான். தினமும் இரண்டு குழாய்களில் இரண்டு தண்ணீர் பிடிக்கும் வீட்டில்தான் வாழ்கிறேன். நல்ல என்ற சொல்லின் எதிரே உப்பு நிற்பதை அன்றுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கத்தால் அவரோடு பயணம் செய்வது சற்றுக் கடினம். ஒருமுறை நாங்கள் ஏறிய பேருந்தின் கண்ணாடியில் விரைவுப் பேருந்து என்று ஒட்டியிருந்தது. அதற்கேற்ற கட்டணமும் வாங்கினார்கள். வண்டியோ கை காட்டியவர்களுக்கெல்லாம் நின்று நின்று போயிற்று. "தம்பி, இந்த எக்ஸ்பிரஸ்ஸுக்கு எதிர்ப்பதம் என்ன?" என்று நடத்துநரிடம் கேட்டார். அவர் சில்லறையை எண்ணியபடியே, "எறங்கி நடக்குறதுதான்க்கா. எறங்குதீகளா?" என்றார். பேருந்தே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் இவர்தான். "சரியான விடை. ஃபுல் மார்க்கு" என்று அந்த நடத்துநரிடம் சொன்னார்.

எப்போதும் சிரிப்பில் முடியாது. தங்கையைப் பெண் பார்க்க மதுரைப் பக்கமிருந்து வந்திருந்தார்கள். பேச்செல்லாம் இனிமையாக நடந்தது. கடைசியில் மாப்பிள்ளையின் பெரியப்பா வழக்கமான அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்: "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாங்க. உங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்ய ஆசைப்படுதீகளோ, அதைச் செய்யுங்க." காப்பித் தட்டோடு நின்ற இவர், "ஒண்ணும் செய்ய வேண்டாம்னுதான் மாமா எங்களுக்கு ஆசை. அப்படியே வச்சுக்கிடலாமா?" என்று கேட்டுவிட்டார். பெரியப்பா காப்பியைக் கீழே வைத்தார். ஊருக்குப் போய்ப் பேசுவதாகச் சொல்லிப் போனவர்கள் பிறகு பேசவில்லை.

தங்கை பல மாதம் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. பேசிய அன்று சொன்னாளாம்: "ஒனக்கு என்னக்கா, நீ டிக்‌ஷனரியக் கட்டிக்கிட்ட. நான் யாரக் கட்டிக்கிட?" இதை என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பின்னால் தங்கைக்கு வேறு நல்ல இடம் அமைந்தது. ஆனாலும் அந்தக் கேள்வியை அன்று கேட்டிருக்க வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, "கேட்டிருக்கணும். ஆனா எந்தங்கச்சிகிட்ட மொதல்ல கேட்டுட்டுக் கேட்டிருக்கணும்" என்றார். தன்னுடைய பிடிவாதத்துக்கு வேறொருவர் விலை கொடுப்பதை அவர் அறிந்திருந்தார். அதற்குப்பின் யாருக்காகப் பேசினாலும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

எங்கள் பள்ளியில் நல்ல சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. சுற்றறிக்கைகள் எல்லாம் வேண்டுகோள்களாகவே வரும். ஞாயிற்றுக்கிழமைச் சிறப்பு வகுப்பு எடுக்க 'வாலண்டரி'யாக முன்வரும் ஆசிரியர்கள் கையெழுத்திடவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதன் கீழே எங்கள் எல்லாருடைய பெயர்களும் முன்பே அச்சிடப்பட்டிருந்தன. அவர் அதை எடுத்துக்கொண்டு அலுவலக எழுத்தரிடம் போனார்.

"சார், மாட்டேன்னு சொல்லுதவங்க கையெழுத்துப் போடுற எடம் எது?"

"ஏன் டீச்சர் காலங்காத்தால? எல்லாரும் போட்ட எடத்துல ஒரு கோட்டை இழுத்துட்டுப் போங்களேன்."

அவர் வாலண்டரி என்ற சொல்லின்மேல் ஒரு கோடிட்டு, அதன் தலையில் 'கம்பல்சரி' என்று எழுதி, கீழே கையெழுத்திட்டுத் திரும்பி வந்தார். அந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் தவறவில்லை. முன்வந்து கையெழுத்திட்ட நாங்கள்தாம் காய்ச்சல், கல்யாணம் என்று நழுவினோம். வேலையைப் பற்றி அவருக்குக் குறையே இல்லை. அந்த வேலைக்குத் தம்மை ஆசைப்பட்டவராகக் காட்டியதைத்தான் அவர் அடித்தார்.

"எதிர்ச்சொல் நிக்க எடமில்லாத எடத்துல அந்தச் சொல்லும் நிக்காது தமிழக்கா. பொறவு அது வெறும் சத்தம்தான்" என்றார்.

இனி ஒரு தளவாய்புரத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில், அவருடைய வகுப்பில் படித்தாள். தகப்பன் இல்லை. தாய் நைட்டி தைத்துக் கொடுப்பவர். தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரம் ஓடும். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து படித்து வளர்ந்த பிள்ளை. கணக்கில் சுமார், ஆங்கிலத்தில் தடுமாற்றம். மனப்பாடம் வராது. ஆனால் புரியாத சொல்லைக் கண்டால் அதைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

ஆண்டுத் தேர்வின் வினாத்தாளும் விடைக்குறிப்பும் வெளியே ஒரு நிறுவனத்திடமிருந்து அச்சாகி வரும். ஓர் ஏரியைப் பற்றிய பத்தி. அதில் ஃப்ரெஷ் என்ற சொல்லை அடிக்கோடிட்டு எதிர்ச்சொல் கேட்டிருந்தார்கள். விடைக்குறிப்பு ரொட்டிக்கு உரிய 'ஸ்டேல்' என்பதைச் சொன்னது. நோட்ஸை மனப்பாடம் செய்திருந்த பிள்ளைகள் எல்லாரும் அதையே எழுதியிருந்தார்கள். இந்தப் பெண் ஒருத்தி மட்டும் 'சால்ட்' என்று எழுதியிருந்தாள். வீட்டு ஆழ்துளைக் குழாயில் உப்புத் தண்ணீர் வருவதால் குடம் தூக்கிப் போய் நல்ல தண்ணீர் பிடித்துவரும் பிள்ளை அவள். அவர் மதிப்பெண் கொடுத்தார். விடைத்தாள்களை மறுபார்வை பார்த்த அலுவலகம், குறிப்பில் இல்லாத விடை என்று அதைச் சிவப்பு மையால் அடித்தது. அந்த ஒரு மதிப்பெண்ணில் அவள் தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழே இறங்கினாள்.

கீழே இறங்கியவர்களுக்கு எங்கள் பள்ளியில் ஒரு முறை இருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பள்ளி ஆண்டுதோறும் நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டும். அதைக் காட்டுவதற்கு எளிய வழி, தவறக்கூடியவர்களைத் தேர்வெழுத விடாமல் இருப்பது. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை ஒவ்வொருவராக அழைப்பார்கள். தேநீர் கொடுப்பார்கள். மாதிரிக் கடிதம் ஒன்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும். 'எனது சொந்த விருப்பத்தின் பேரில் என் மகனின் அல்லது மகளின் மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்கிறேன்' என்று அதைப் பார்த்துப் பெற்றோர் தம் கையால் எழுதவேண்டும். 'உங்கள் பிள்ளையை வெளியேற்றுகிறோம்' என்று எழுதப் பள்ளிக்குத் துணிவில்லை. எழுதினால் யாரேனும் காரணம் கேட்பார்கள். அதனால் வெளியேற்றப்படுகிறவர்களிடமே அதை விருப்பமாக வாங்கிக்கொண்டார்கள். இதைவிட மரியாதையான ஓர் அயோக்கியத்தனத்தை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை.

அவளுடைய தாயை வரவழைத்த அன்று எழுத்தர் விடுப்பு. அந்தத் தாய்க்குக் கடிதத்தைச் சொல்லி எழுதவைக்க என்னை அழைத்தார்கள். தாளாளர் அறையில் நாற்காலியின் நுனியில் தாய் உட்கார்ந்திருந்தார். ஆட்காட்டி விரலில் ஊசி ஏறிய இடத்தில் துணி சுற்றியிருந்தது. மகள் சுவரோரம் நின்றாள். தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது.

"அந்த மாதிரிக் கடிதத்தைச் சொல்லுங்க டீச்சர், அவங்க எழுதட்டும்" என்றார் தாளாளர்.

"சார், இலக்கணம் கேட்டால் சொல்லுவேன். இவருடைய விருப்பம் என்னவென்று நான் எப்படிச் சொல்ல முடியும்?" என்றேன்.

"அப்ப கிளாஸ் டீச்சர வரச் சொல்லுங்க" என்றார்.

கிளாஸ் டீச்சர் இவர்தான். வந்தார். தாளாளர் தாயைப் பார்த்து மிகக் கனிவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை நல்லதுக்குத்தாம்மா சொல்லுதோம். பத்தாவதுல பெயிலாயிட்டா அவளுக்குத்தான் அசிங்கம். இப்பவே வேற நல்ல ஸ்கூலாப் பாத்துச் சேத்துருங்க."

"இதுதான் நல்ல ஸ்கூலுன்னு சொன்னாக சார். அதான் இங்க சேத்தேன்" என்றார் தாய். பிறகு கண்ணாடிக்கு அடியிலிருந்த கடிதத்தை விரல் வைத்து மெதுவாகப் படித்தார். "சொந்த விருப்பம்னு போட்டிருக்கே சார்."

"அது சும்மா, ஃபார்மாலிட்டிம்மா."

இவர் ஒரு நாற்காலியை இழுத்து அந்தத் தாய்க்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? கேட்டா ஒங்களுக்குச் சங்கடம் வரும். கேக்கலைன்னாலும் வரும். கேக்கட்டுமா?"

"கேளுங்க மிஸ்."

"பிள்ளைய இங்கயிருந்து எடுக்க ஒங்களுக்கு விருப்பமா?"

தாய் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"இல்ல மிஸ்."

"அப்ப விருப்பமில்லைன்னு எழுதுங்க. அதே பேப்பருதான், அதே பேனாதான்."

"டீச்சர், நீங்க கிளாஸுக்குப் போலாம்" என்றார் தாளாளர்.

"போறேன் சார். விருப்பமில்லைன்னு எழுதினாலும் வாங்கிக்கிடுவோம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க, இப்பவே போறேன். வாங்க மாட்டோம்னா அந்த விருப்பத்த எடுத்துருங்க. பள்ளிக்கூடம் வெளியேத்துதுன்னு அடிச்சுக் கொண்டாங்க. கிளாஸ் டீச்சர்னு நான் கையெழுத்துப் போடுதேன்."

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாளாளருக்கு வசதியாக இருந்திருக்கும். கத்துகிற பெண்ணை அறையிலிருந்து அனுப்புவது எளிது. தாளாளர் மின்விசிறியைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தாயின் முன்னால் வைத்தேன். அவர் பேனாவைத் துணி சுற்றிய விரலில் அழுத்திப் பிடித்து, 'எனக்கு விருப்பம் இல்லை. என் மகள் இங்கேயே படிக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

இத்தோடு முடிந்தது என்று இவர் நினைத்தார். அந்த மனிதர்களைப் பற்றி அவர் செய்த ஒரே தவறான கணிப்பு அதுதான். எழுதிக் கொடுத்ததை அவர்கள் மதிப்பார்கள் என்று நம்பினார். சொற்களோடு அவ்வளவு காலம் பழகியவருக்கு, சொற்களைப் பொருட்டாகவே கருதாதவர்கள் எப்படி நடப்பார்கள் என்று தெரியவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்புக்கும் அவரே வகுப்பாசிரியர். வருகைப்பதிவு கைப்பேசிச் செயலியில். அலுவலகம் ஏற்றிய பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. பள்ளி வேனும் அவள் நிற்கும் இடத்தில் நிற்காமல் போயிருந்தது. தாய் அவளை நகரப் பேருந்தில் கூட்டிவந்து வாயிலில் விட்டுப் போயிருந்தார். அவள் கடைசிப் பெஞ்சில், பையைத் தோளிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். எந்நேரமும் எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள் என்று காத்திருக்கும் பிள்ளையின் உட்காருதல் அது.

அடுத்த வகுப்பின் வாசலில் நான் நின்றிருந்தேன். வராந்தாவில் தாளாளர் வந்துகொண்டிருந்தார். இவர் செயலியைப் பார்த்துப் பெயர்களைப் படித்தார். கடைசிப் பெயர் முடிந்ததும் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"முத்துச்செல்வி" என்றார்.

தாளாளர் வாசலில் நின்றுவிட்டார்.

"அந்தப் பேரு லிஸ்ட்ல இல்ல டீச்சர்."

"பிள்ளை இருக்கா சார்" என்றார் இவர்.

அவர் மறுபடி கூப்பிடவில்லை. அவள் எழுந்து நிற்கும்வரை காத்திருந்தார். அவள் பையோடு எழுந்து, "பிரசன்ட் மிஸ்" என்றாள்.

அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படித்தான் நடந்தது. வெளியே போகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. விருப்பமில்லை என்று எழுதிய தாள் அவர்கள் கையிலேயே இருந்தது. ஒருநாள் பெயர் பட்டியலில் தானாக வந்து உட்கார்ந்தது. விடுபட்டுப்போனதாகச் சொன்னார்கள். யார் விட்டது, எதனால் விட்டது என்று யாரும் சொல்லவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எந்தச் சுற்றறிக்கையிலும் நான் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு முழுதும் அவர் அவளுக்கென்று தனியாக எதுவும் செய்ததாக எனக்கு நினைவில்லை. மற்ற பிள்ளைகளைத் திட்டியதுபோல் அவளையும் திட்டினார். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பொதுத்தேர்வு முடிந்த வாரம், அடுத்த ஆண்டு தமக்கு வகுப்பு இல்லை என்று அவருக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. சொந்தக் காரணங்களால் விலகுவதாக எழுதிக் கேட்டார்கள். எழுதவில்லை. ஒரு காலையில் வாயிற்காவலர் தலையைக் குனிந்துகொண்டு, "உள்ள விடக்கூடாதுன்னுட்டாக டீச்சர், நான் என்ன செய்ய?" என்றார். "நீங்க என்ன செய்வீக அண்ணாச்சி" என்று அவரைத் தேற்றிவிட்டுத் திரும்பிப் போனார்.

தேர்வு முடிவு வந்த அன்று மாலை பள்ளி வாயிலில் பெரிய பேனர் கட்டினார்கள். நூறு விழுக்காடு தேர்ச்சி என்று ஆள் உயர எழுத்து. முதலிடங்கள் பெற்ற பிள்ளைகளின் படங்கள். ஆசிரியர்களின் அர்ப்பணிப்புக்கு நன்றி. நான் வீட்டுக்குக் கிளம்பியபோது அந்தத் தாய் பேனருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். மகள் தேறிவிட்டாள். அதைச் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார். ஆனால் முகத்தில் மகிழ்ச்சியைவிட யோசனைதான் தெரிந்தது.

"டீச்சர், இந்த நூறுல எம்புள்ளையும் சேத்தியா?"

"அவளும் சேர்த்திதான் அம்மா."

அவர் அண்ணாந்து மறுபடி படித்தார்.

"அவ இங்க இல்லாமப் போயிருந்தாலும் நூறுன்னுதான டீச்சர் போட்டிருப்பாக?"

"ஆமாம்" என்றேன்.

அங்கேயே நின்று ஆங்கில டீச்சரைக் கைப்பேசியில் அழைத்தேன். முதலில் பிள்ளை தேறியதைச் சொன்னேன். பிறகு தாய் கேட்டதை, கேட்ட சொற்களிலேயே சொன்னேன். மறுமுனையில் பாத்திரம் வைக்கும் சத்தமும், தங்கையிடம் ஏதோ சொல்லும் சத்தமும் கேட்டன.

"தமிழக்கா, அந்தக் கேள்விய அவிய உள்ள போயிக் கேக்க விரும்புதாகளான்னு கேளுங்க."

கேட்டேன். தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேட்கத்தான் வேண்டும் என்றார்.

"அப்ப அவியள அங்கயே செத்த நேரம் நிக்கச் சொல்லுங்க" என்றார் அவர். "இந்தா பஸ்ஸு ஏறுதேன். வாரேன்."